வடக்கு வாசல் பரீட்சைத் தெரு

மருதூர்ச் சீமையை வடிவேந்திர ராஜா ஆண்ட காலம். புதுசாக ஏதோ வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், ராஜாவுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் முன்னால் பிரதானி கங்காதரர் ஒரு நாள் கடல் கடந்து வந்த தச்சன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். தச்சனுக்குப் பின்னால் ஒரு தேர். குதிரை இல்லை, மாடு இல்லை, சாரதிகூட இல்லை. சாவியை முறுக்கிவிட்டால் தானே ஓடியது. சுவர் வந்தால் முகப்பிலிருந்த பளிங்குக் கண்ணால் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அரண்மனை முற்றத்தை அது மூன்று முறை சுற்றி வந்ததும் ராஜா குழந்தை மாதிரி கைதட்டினார்.

"வருகிற பௌர்ணமித் திருவிழாவுக்கு மகாராணி இதில்தான் ராஜ வீதியில் பவனி வர வேண்டும்" என்றார் பிரதானி.

சபையையே சிரிக்கவைக்கும் விகடக்காரன் சீராளனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ராஜ வீதியில் நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் ஓடும். ஒன்று சக்கரத்தில் மாட்டினால்? அவன் எழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா, முற்றத்தில் ஓடுவது பெரிய காரியமில்லை. ஊருக்கு வெளியே ஒரு பரீட்சைத் தெரு போட்டு, அதில் ஓட்டிப் பார்த்துவிடலாமே?"

சீராளனின் கேலிக்கு நாள் தவறாமல் ஆளாகிக்கொண்டிருந்த பிரதானிக்கு இதைவிட நல்ல சமயம் ஏது?

"அவனே போடட்டும் மகாராஜா! எட்டு நாள் கெடு. ராஜ வீதியில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் அங்கே நடக்க வேண்டும். ஆனால் ஆள் பிடித்து வந்து நடிக்கவைக்கக் கூடாது. வாருங்கள் என்று ஒருவரையும் அழைக்கக் கூடாது, ஒரு மாட்டையும் ஓட்டி வரக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் சீராளன் சீமையை விட்டே போய்விட வேண்டும், மகாராணி தேரில் ஏறிவிட வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா தலையாட்டிவிட்டார்.

வடக்கு வாசலுக்கு வெளியே வெறும் பொட்டல். நாலே நாளில் அங்கே செம்மண் கொட்டி, மட்டம் தட்டி, சாந்து பூசி, வழவழவென்று ஒரு தெருவைப் போட்டான் சீராளன். ஐந்தாம் நாள் காலையில் வேலையாட்களை அனுப்பிவிட்டான். தெருவில் ஈ காக்கை இல்லை.

"ஐயா, ஆளில்லாத தெருவை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?" என்று கவலையோடு கேட்டான் மேஸ்திரி.

"தண்டோராக்காரனை வரச் சொல்லு."

அன்று மாலை ஊரெங்கும் பறை அதிர்ந்தது. "வடக்கு வாசல் புதுத் தெரு ராஜாவின் தேருக்கு மட்டுமே! வேறு யாரும் கால் வைக்கக் கூடாது!" அறிவித்ததோடு சரி, காவலுக்கு ஓர் ஆளைக்கூடப் போடவில்லை சீராளன். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டான். படுத்தானே தவிர, தூக்கம் வரவில்லை. சொந்த ஊர் ஜனங்களின் குணத்தை நம்பியல்லவா கழுத்தை நீட்டியிருந்தான்!

எட்டாம் நாள் ராஜா பரிவாரத்தோடு வந்தார். வந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

தெருவின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் நாலு எருமைகள் படுத்து அசைபோட்டன. குறுக்கே பந்தல் போட்டு ஒரு வீட்டார் காதுகுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். மோர்க் கடை ஒன்று முளைத்திருந்தது. நட்ட நடுவே ஒரு பிள்ளையார், மாலையோடு உட்கார்ந்திருந்தார். எவனோ ஒரு பள்ளம் தோண்டி, எதற்காகவோ தோண்டி, அப்படியே விட்டுவிட்டும் போயிருந்தான்.

ராஜா நெல் காயவைத்தவளைக் கூப்பிட்டார். "தண்டோரா கேட்கவில்லையா, அம்மா?"

"கேட்டுச்சு சாமி. யாரும் வரக் கூடாதுன்னாங்க. அதான் இடம் காலியா இருக்குமேன்னு வந்தேன். நான் ஒருத்தி ஓரமா காயவெச்சா என்ன ஆயிடப்போவுது?"

மோர்க் கடைக்காரனும் அதையேதான் சொன்னான். காதுகுத்து வீட்டாரும் அதையேதான் சொன்னார்கள்.

"நான் யாரையும் அழைக்கவில்லை, மகாராஜா" என்றான் சீராளன், பூனை மாதிரி. "வராதீர்கள் என்றுதான் சொன்னேன்."

பிரதானிக்கு முகம் கறுத்தது. "ராஜ கட்டளையை மீறியவர்கள்! ஒருவர் விடாமல் சவுக்கடி கொடுக்க வேண்டும்!"

"கொடுக்கலாம், மகாராஜா. முதலில் அதோ, வடாம் காயவைத்திருக்கும் அம்மாவிலிருந்து ஆரம்பிக்கலாமே?"

எல்லோரும் திரும்பினார்கள். நாலு வேட்டியில் வரிசையாக வடாம். பக்கத்தில் குடை பிடித்து, காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள் பிரதானியின் மனைவி.

"நீங்கதானே சொன்னீங்க, புதுத் தெரு சும்மாவே கிடக்குதுன்னு!" என்றாள் அவள் கணவனைப் பார்த்து. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சவுக்குப் பேச்சு அதோடு போயிற்று.

பிறகு தேரை விட்டார்கள். நெல்லைப் பார்த்தது, நின்றது. எருமையைப் பார்த்தது, நின்றது. எருமையும் அதைப் பார்த்தது, அசையவில்லை. ஒரு நாழிகை போயிற்று. தேர் மெல்லப் பின்வாங்கிப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. உள்ளே மகாராணி இருந்திருந்தால் என்று நினைத்த ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

அடுத்து ராஜாவின் சொந்த ரதம் கிளம்பியது. சாரதி மாசிலாமணி எழுந்து நின்று தொண்டையைத் திறந்தான். "தாயி, நெல்லை ஒதுக்கு! எலேய், யாரு எருமை இது, உன் பாட்டன் சொத்தா தெரு? பந்தக்காலைப் புடிங்கப்பா!" நெல் ஒதுங்கியது, எருமை எழுந்தது, பந்தல் தூக்கிக்கொண்டது. ரதம் அக்கரை சேர்ந்தது.

தச்சன் கைகட்டி நின்றான். "என் தேருக்குக் கண் உண்டு, காது உண்டு. என்னதான் குறை?"

"வாய் இல்லையே, அப்பா!" என்றான் சீராளன்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சீராளன் கழுத்தில் போட்டார். மகாராணி அந்தத் திருவிழாவுக்குப் பழைய ரதத்திலேயே போனாள். தச்சனுக்கு ஒரு வருஷம் தவணை கிடைத்தது. அவன் ஓலையும் எழுத்தாணியுமாக மாசிலாமணி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டான்.

மறு வருஷம் தேர் மறுபடி பரீட்சைத் தெருவில் இறங்கியது. எல்லாவற்றையும் தாண்டி ஜம்மென்று வந்தது. அதன் லட்சணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாமென்று பிரதானி சட்டென்று குறுக்கே போய் நின்றார். தேர் அவர் வேட்டி நுனியில் உரசி நின்றது. பளிங்குக் கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, ஊரே கேட்கும்படி வாயைத் திறந்தது.

"யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?"