பத்தாமல் போன நாள்

"எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க மேடம். அதுதான் பிரச்சினையே" என்றார் தேவசகாயம்.

சவுந்தரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு அண்ணே, எல்லாரும்?"

"நம்ம லைப்ரரியில இதுவரைக்கும் செஞ்ச மாற்றங்கள். ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஓட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுகூட வேகத்தைக் குறைக்கல. ஆனா மணி பிந்துது."

சவுந்தரி குரு. தேவசகாயம் சீடர். வயது மட்டும் தலைகீழ். வங்கிகளுக்கு மென்பொருள் எழுதித் தலை நரைத்த பிறகு, உயிருள்ள எதற்காவது எழுத வேண்டும் என்று அவளிடம் வந்து சேர்ந்தவர் அவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மேடம் என்பார். அந்த அறையில் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

அவர்கள் எழுதிய லைப்ரரி புத்தகசாலை அல்ல, மென்பொருள் துண்டு; தனியாக வேலை செய்வதில்லை. பச்சிளம் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துவிடும்.

அப்போது மணி அடிக்க வேண்டும். நர்ஸ் ஓடி வந்து பாதத்தைத் தேய்ப்பாள். குழந்தைக்கு மூச்சு ஞாபகம் வந்துவிடும்.

அவ்வளவுதான் வேலை.

அன்று காலை மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பெலிசித்தா சிஸ்டர் போன் செய்திருந்தார். குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொள்பவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முன்னெல்லாம் மணி அடிச்ச பிறகுதான் தாய் பதறுவா. இப்போ தாய் பதறின பிறகு மணி அடிக்குது" என்றார்.

ஏழாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தை ஒன்று அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. தாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது தூங்கினாள் என்று வார்டில் யாருக்கும் தெரியாது. தூங்கச் சொன்னால், நான் கண்ணை மூடினால் அவள் மறந்துவிடுவாள் என்கிறாளாம்.

சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் கருவியை அணைத்துவிடுவேன் என்றார் சிஸ்டர். பிந்துகிற மணியை நம்பித் திரும்பி நிற்பதைவிட, மணியே இல்லாமல் கண்ணால் பார்ப்பது மேல். ஆனால் ராத்திரி வார்டுக்கு ஒரே நர்ஸ்தான். அதையும் அவரே சொன்னார்.

தேவசகாயம் காலையிலிருந்து தேடினார்.

தேடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அவரே கொண்டுவந்தது. புதிய மாற்றம் ஒன்று வந்தால் அதை முந்தின வடிவத்தோடு ஓட விடுவார்கள். மணி அடிக்கும் வேகத்தில் மயிரிழை வித்தியாசம் என்றால் பரவாயில்லை, உள்ளே வரலாம். வந்தபின் அதுவே அடுத்ததற்கு அளவுகோல்.

அதே அளவுகோலோடு இன்றைய வடிவத்திலிருந்து பின்னால் நடந்தார்.

வழியில் பழைய ஆட்கள் எதிர்ப்பட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்தின் தலையிலும் எழுதியவர் பெயரும் ஒரு வரிக் குறிப்பும் இருக்கும். "மின்சாரம் போய் வந்தால் குழம்பக் கூடாது" என்று மெர்லின் எழுதியிருந்தாள். அவள் இப்போது கனடாவில். "நாளைக்கு ஒழுங்காக எழுதுகிறேன், சத்தியம்" என்று ததேயு எழுதியிருந்தான். எழுதவேயில்லை. கல்யாணமாகித் திருச்சிக்குப் போய்விட்டான்.

பேக்கரிக்கு மேலே அவர்கள் முதலில் வேலை செய்த பழைய அறை ஞாபகம் வந்தது. பிற்பகலில் பன் வேகும் வாசனை மாடிப்படி ஏறி வரும். கருவிக்கான மணியோசைக்காக, கான்வென்ட் பள்ளியில் இரவல் வாங்கிய கைமணியை, பஸ் ஹாரன் கலக்காமல் இருக்கப் போர்வைக்குள் வைத்து அடித்துப் பதிவு செய்தார்கள். போர்வையைப் பிடித்தவன் ததேயு. சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் கெடுத்தான்.

தேவசகாயத்தின் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"அப்பல்லாம் நல்லா இருந்துது மேடம்" என்றார். "எந்த மாற்றத்துல கெட்டுதுன்னு மட்டும் தெரியல."

சவுந்தரி எழுந்து அவர் மேஜைக்கு வந்தாள்.

அவருடைய திரையின் மூலையில் ஒரு சிவப்பு ஷூ தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மகள் அபிஷா முதன்முதலில் நடந்தபோது போட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும்.

அதைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கு இதைப் பாப்பாவுக்குப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புங்க."

அவர் சிரித்தார். பாப்பா ஆறாம் வகுப்பு, அம்மாவின் செருப்பையே கேட்காமல் மாட்டிக்கொண்டு போகிறாள் என்றார்.

"அப்படியா. இது எந்த நாள்ல பத்தாம போச்சு?"

தேவசகாயம் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அடியில் இன்னும் மண் இருந்தது.

அதை மேஜையில் வைத்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த முதல் வடிவத்தை வெளியே எடுத்தார். அதை இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பதிவு செய்து வைத்திருந்த ஒரு குழந்தையின் மூச்சை இரண்டுக்கும் கொடுத்தார்.

மூச்சு ஓடியது. நின்றது.

முதல் வடிவத்தின் மணி உடனே அடித்தது. போர்வைக்குள் அடித்த அதே மணி.

இன்றையது அடிக்கவில்லை.

தேவசகாயம் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு கனத்தது. இனி முடியாது என்று விட்டார்.

அப்புறம்தான் இன்றைய மணி அடித்தது.

"மயிரிழை மயிரிழையா சேந்து இவ்வளவு ஆயிருக்கு. எல்லாத்தையும் தூக்கிட்டு முதல்ல இருந்ததையே அனுப்பிடலாம் மேடம்" என்றார்.

சவுந்தரி ஒரு மாற்றத்தைக் காட்டி, இதை ஏன் எழுதினோம் என்று கேட்டாள். குழந்தை உதைத்ததில் பாதத்து வயர் கழன்று சும்மா மணி அடித்ததையும், ஒரு தாய் மயங்கி விழுந்ததையும் அவர் சொன்னார். இன்னொன்றைக் காட்டினாள். அதற்கும் ஒரு குழந்தை இருந்தது. அடுத்ததற்கும்.

"அப்போ எதைத்தான் எடுக்க?"

"எதையும் எடுக்க வேண்டாம். வயர் கழண்டிருக்கா, கரண்டு போச்சா... இதெல்லாம் எப்போ கேக்குது?"

"மூச்சு நின்னதும். ஒண்ணு கேட்ட பிறகு அடுத்தது. எல்லாம் கேட்டு முடிச்சுதான் மணி."

"நின்ன பிறகா?"

அவ்வளவுதான் கேட்டாள். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

தேவசகாயம் திரும்பி உட்கார்ந்தார்.

கேள்வி ஒன்றைக்கூட அவர் விடவில்லை. எல்லாவற்றையும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக் கையில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார். மூச்சு நின்றால் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது.

மறுபடி இரண்டையும் ஓட விட்டார். இரண்டு மணிகளும் ஒன்றாக அடித்தன.

சாயங்காலம் நர்ஸுகள் ஆள் மாறும் முன்பே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் சிவப்பு ஷூவைத் தன் திரையில் மாட்டவில்லை. மாற்றங்களைச் சோதிக்கும் கணினியின் மேல் மாட்டினார். பழைய விதியில் ஒரு வரி சேர்த்தார்: எது வந்தாலும் முதல் வடிவத்தோடும் ஓட வேண்டும்.

மறுநாள் காலை போன் வந்தது. பெலிசித்தா சிஸ்டர்.

தேவசகாயம் எழுந்து நின்று பேசினார். மணி அடித்ததா என்று கேட்டார்.

அடித்தது, விடியும் நேரத்தில் என்றார் சிஸ்டர். போய்ப் பாதத்தைத் தேய்த்தேன், மூச்சு வந்துவிட்டது என்றார்.

"அவங்க அம்மா ரொம்பப் பயந்துட்டாங்களா சிஸ்டர்?"

மறுமுனையில் சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ இன்னும் தூங்குறா. எழுப்பிக் கேக்கட்டுமா?"