கல்கௌதாரி இறங்கிய குட்டை

கோயம்புத்தூரிலிருந்து தார் பாலைவனம் வரை தன்னந்தனியாகக் கார் ஓட்டி வந்திருந்தார் மாசிலாமணி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்த பூங்கோதை, அவரைவிட இருபது வயது இளையவள். ஜெய்சல்மேர் பக்கம் தங்கிப் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

வந்த அன்று சாயங்காலமே கேட்டுவிட்டார்.

"டீச்சர், நான் திரும்பிப் போகாம இங்கேயே இருந்துட்டா என்ன?"

"அம்சவேணி அக்கா?" அவர் மனைவியைத்தான் கேட்டாள்.

"பக்கவாதத்துல படுத்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே நான்தான். இப்ப அவ தங்கச்சி வந்து பாத்துக்கறா. நல்லாவே பாத்துக்கறா. தனியா ஸ்டியரிங்கைப் பிடிச்ச பிறகுதான் டீச்சர், எனக்கு மூச்சே வந்துச்சு."

அவள் எதிரே இருந்த மணல்மேட்டைக் கையால் காட்டினாள்.

"காலையில அந்த மணல்மேட்டைத் தாண்டி நடங்க. ஒரு குட்டை இருக்கு. கல்கௌதாரி தண்ணி குடிக்க வரும். ஒரே ஒரு ஆண் பறவையைப் பிடிச்சுக்குங்க."

"பிடிக்கறதா?"

"கண்ணால சார்."

மறுநாள் வெயில் ஏறிய பிறகு வந்தார். சட்டையெல்லாம் மணல். உட்காரக்கூட இல்லை.

"என்ன பறவை டீச்சர் அது! அசல் மணல் நிறம். மூக்குக்கு முன்னாடி இறங்கினதே தெரியல. கூட்டமா வந்துச்சு, குடிச்சுச்சு, பறந்துருச்சு. என்னோடது மட்டும் போகல."

"என்ன பண்ணுச்சு?"

"வயிறு முட்டக் குடிச்சுச்சு. அப்புறம் தண்ணியிலேயே இறங்கி உக்காந்துக்கிச்சு. மேல வல்லூறு சுத்துது. 'போயேன் சனியனே'ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அசையணுமே! நெஞ்சை முக்கி முக்கி ஊற வைக்குது. வல்லூறு பாய்ஞ்சப்ப மயிரிழையில தப்பிச்சுப் போச்சு. தாகம்தான் தீந்துருச்சே, அப்புறம் எதுக்கு டீச்சர் அந்தத் துணிச்சல்?"

"அதோட நெஞ்சு இறகு பஞ்சு மாதிரி சார். தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும். எங்கயோ வெட்டவெளியில குஞ்சுங்க கிடக்கும், பறக்கத் தெரியாது. அப்பன் போய் நின்னதும் நெஞ்சுல வாய் வச்சுச் சப்பிக் குடிக்கும்."

மாசிலாமணி மணல்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியது.

பிறகு உள்ளே போனார். பையை எடுத்துவந்து காரில் வைத்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப நான் கிளம்பி வந்ததே தப்புங்கறீங்களா?"

"தான் குடிக்காம, நெஞ்சை மட்டும் நனைச்சுக்கிட்டுப் போன பறவையை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல சார்."