ஆள்காட்டி வாய் மூடிய இரவு

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் ஒரே பாஷை பேசிய காலத்தில், ஆள்காட்டிக் குருவி தரையில் குடியிருக்கவில்லை. ஏரிக்கரையில் நின்ற பெரிய மருத மரத்தில்தான் அவளும் கூடு கட்டியிருந்தாள்.

பொழுது சாய்ந்தால் அந்த மரம் சந்தைக்கடையாகிவிடும். கொக்குகள் இடத்துக்குச் சண்டை போடும். கிளிகள் அன்று தின்ற அத்திப்பழத்தைப் பற்றிப் பேசி ஓயாது. அந்த இரைச்சலைக் கேட்டால்தான் ஆள்காட்டிக்குக் கண் சொருகும்.

ஆனாலும் அவளுக்குக் கோழித் தூக்கம். தவளை துள்ளினாலும் கத்துவாள், சருகு புரண்டாலும் கத்துவாள். மரமே பதறி எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் கீழ்க்கிளை மைனா பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"ஏனக்கா, உனக்குத் தூக்கமில்லை என்றால் எங்களையுமா எழுப்ப வேண்டும்? குஞ்சு பொரித்து நாலு நாள்தான் ஆகிறது. நீ போடும் சத்தத்தில் பிள்ளைகள் நடுங்குகின்றன."

மரம் முழுக்கச் சிரித்தது. ஆள்காட்டிக்கு முகம் கறுத்துவிட்டது.

"இனி என் சத்தம் கேட்காது, தங்கச்சி" என்றாள்.

மறுநாள் இரவு அவள் மட்டும் விழித்திருந்தாள். கீழ்வானத்தில் ஒரு நட்சத்திரம் கழன்றது. பச்சையும் நீலமுமாக எரிந்துகொண்டு, நீண்ட வாலோடு வந்தது. ஏரிக்குள் மீன்கள் தெரியும் அளவுக்கு வெளிச்சம். அப்படியோர் அழகை அவள் கண்டதே இல்லை. ஆனால் அது தாண்டிப் போகவில்லை, மரத்தை நோக்கியே வந்தது.

கத்த வாயைத் திறந்தாள். நேற்றைய சிரிப்பு காதில் கேட்டது. இதுவும் ஒன்றுமில்லாமல் போனால்? வாயை மூடிக்கொண்டாள்.

மரத்தடியில் காய்ந்து கிடந்த கோரையில் அது விழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் தீ கிளையேறியது. சிறகுள்ளவை பறந்தன. மைனாவின் குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. ஆள்காட்டி தீக்குள் பாய்ந்தாள். அனல் முகத்தில் அறைந்து, கண்ணோரத்தைப் பொசுக்கி அவளைத் துரத்தியது.

விடிந்தபோது மரம் இல்லை. மைனா சாம்பலருகே உட்கார்ந்திருந்தாள்.

"அது வருவதை நீ பார்த்தாயா, அக்கா?"

"பார்த்தேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

'நீதானே வேண்டாம் என்றாய்' என்று வந்த சொல்லை ஆள்காட்டி விழுங்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் ஆளுக்கொரு மரம் தேடிப் புறப்பட்டார்கள். அவளையும் கூப்பிட்டார்கள்.

"நீங்கள் போங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள்.

மரம் நின்ற இடத்தில் மண்ணைக் காலால் கிளறிப் பள்ளமாக்கி அதில் படுத்தாள். அந்தி சாய்ந்ததும் பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொக்குகளின் சண்டை இல்லை, கிளிகளின் பேச்சு இல்லை. வெறும் காற்று.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் அடைவதில்லை, வெறுந்தரையில் முட்டையிடுகிறாள். கண்ணோரச் சிவப்பு அவளுக்கு இன்றும் ஆறவில்லை. ராத்திரியில் எது அசைந்தாலும், யார் என்ன திட்டினாலும், ஊரை எழுப்பிவிட்டுத்தான் ஓய்கிறாள்.