அன்னிய சுரம்

முன்னொரு காலத்தில் பூங்காவூர் நாட்டை மகுடேசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போடும் சட்டத்தைச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார். ஒரே ஒரு சட்டத்தை மட்டும் மறக்காமல் பிடித்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் வினையாகிப் போனது.

அவர் சபையில் அலர்மேலு என்றொரு பாடகி இருந்தாள். அவள் பாடினால் காவல்காரன்கூட ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்பான். ஆஸ்தான வித்துவான் சாரங்கபாணிக்கு அது பொறுக்கவில்லை.

"பிரபு, ராகத்துக்குச் சொந்தமில்லாத சுரத்தை இவள் நடுவில் நுழைக்கிறாள். அன்னிய சுரம்!"

பக்கத்து நாட்டோடு சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. 'அன்னிய' என்ற சொல்லைக் கேட்டதுமே ராஜாவுக்கு மீசை துடித்தது.

"என் நாட்டில் அன்னியம் எதுவும் இருக்கக்கூடாது. இதுதான் சட்டம். அதை விட்டுவிட்டுப் பாடு!"

"விட்டால் ராகத்தில் உயிர் இருக்காது, மகாராஜா. அந்தச் சுரம் ஒரு கணம் வந்து மனசை உருக்கிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்," என்றாள் அலர்மேலு.

"அப்படியானால் நீயும் அதோடு எல்லையைத் தாண்டு!"

மந்திரி தேவநாதர் மகா கெட்டிக்காரர். அன்றே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ராஜாவின் கோபம் தணியட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார். அலர்மேலு அழுதுகொண்டே போனாள். அதன்பிறகு சபையில் யார் பாடினாலும் சப்பென்றிருந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், அரண்மனை வாசலில் ராணியின் பல்லக்கு மூட்டை முடிச்சோடு நின்றது. ராஜா பதறி ஓடிவந்தார்.

"எங்கே புறப்பாடு?"

"எல்லைக்கு. நான் ஆற்றுக்கு அக்கரை நாட்டில் பிறந்தவள். அன்னியம்தானே?" என்றாள் ராணி.

மந்திரி கைகட்டி நின்றார். "சட்டம் எல்லாருக்கும் பொதுதானே, பிரபு."

"உளறாதீர்! இவள் வந்த பிறகுதானய்யா இது வீடாச்சு!"

"ராகத்துக்கு அந்தச் சுரமும் அப்படித்தான், பிரபு."

ராஜா தலைகுனிந்தார். சாரங்கபாணிக்கு முகம் தொங்கிப்போனது. ராணிக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்த மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. ராணியின் பல்லக்கே அலர்மேலுவை அழைத்துவரப் போனது.

அவள் வந்து பாடினாள். சாரங்கபாணியாலும் குறை சொல்ல முடியாத பாட்டு. ராஜா அந்தச் சுரம் வரும் இடத்துக்காகக் காத்திருந்தார். பாட்டு முடிந்துவிட்டது.

"அம்மா, அந்தச் சுரம் எங்கே?"

"நானும்தான் தேடுகிறேன், மகாராஜா. அந்த இடம் வந்ததும் தொண்டை பயந்து ஒதுங்கிவிடுகிறது. சுரத்தை வா என்றால் வரமாட்டேன் என்கிறது."

மந்திரி முத்துமாலையைக் கழற்றினார். சபையே அவரைப் பார்த்தது.

"எல்லாரும் என் புத்தியை மெச்சுகிறீர்கள்," என்றார். "அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்."