கரண்ட்கட்டும் துளசியோட கூலியும்

ஏன்டா டேய், ஃபேன் நின்னா மூச்சே நின்ன மாதிரி அலறுற கூட்டம்தான நீங்க? கரண்ட்கட்டுக்கும் ஒரு காலம் இருந்துச்சு, கேளுங்க.

திருப்பூருப் பக்கம் ஒரு பனியன் கம்பெனித் தெரு. கரண்ட்கட்டு தெனம் பொழுது சாஞ்சதும் அங்க வந்துருவான். வீட்டுக்கு ஒரு பல்புதான், ஊதி அணைச்சிருவான். மொதலாளி மருதாசலம் விசிறியோட வெளிய வருவாரு. அவருகிட்ட வேல பாக்குற லைன் வீட்டுச் சனமும் வரும். எல்லாரும் ரோட்டுலயே உக்காந்துக்குவாங்க.

கூலி கேக்கறது அப்பத்தான்.

"ஏனுங்க, பீசுக்குப் பத்துப் பைசா சேத்திக் குடுங்க."

"யாரது?"

இருட்டுல ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. மொதலாளி விசிறிய ரெண்டு வீசு வீசுவாரு.

"செரி, சேத்திக்கலாம்."

கேட்டவங்களுக்கும் கூச்சமில்ல, குடுத்தவருக்கும் கூச்சமில்ல. கரண்ட்கட்டு மீசைய முறுக்கிக்குவான்.

வருசம் ஓடுச்சு. கம்பெனிச் சரக்கு கப்பல் ஏறுச்சு. லைன் வீட்டுக்கும் ஃபேன், டிவி, மிக்சி வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மருதாசலம் வீடு மூணு மாடி ஏறிருச்சு. கரண்ட்கட்டுதான் எப்பவாச்சும் வர்ற விருந்தாளி ஆயிட்டான்.

போன சித்திரைல வந்தான். கம்பெனில பனியன் செக்கிங் பண்ற துளசி அவனுக்காகவே காத்துட்டிருந்தா. வாடகை ஏறிப்போச்சு, கூலி ஏறல.

"வந்துட்டியா சாமி!"ன்னு மொதலாளி பங்களா கேட்டுக்கு ஓடுனா.

கரண்ட்கட்டு பங்களாவப் பாத்து ஊதுனான். அணையல. மறுக்கா ஊதுனான். உள்ளருந்து இன்வெர்ட்டர் உறுமுனான்.

"பெருசு, லைன் வீட்டுப் பக்கம் போய் ஊது. இங்க நான் இருக்கேன்."

"மொதலாளிய வெளிய அனுப்புடா. ஒரு புள்ள கூலி கேக்கோணும்."

"கரண்ட் போனதே அவருக்குத் தெரியாது. ஏசி ஓடுது."

அதுக்குள்ள கேட் லைட்டு பளீர்னு துளசி மூஞ்சில அடிச்சுது. தெருவே இருட்டு, அவ ஒருத்தி மட்டும் வெளிச்சத்துல. கேட்ல மாட்டுன ஸ்பீக்கர்ல மருதாசலம் குரல்.

"யாரது?"

அதே பழைய கேள்விதான். இந்தவாட்டி கேமராவுல மூஞ்சியப் பாத்துட்டே கேக்குறாரு.

"ஒண்ணுமில்லீங்க... சும்மா காத்து வாங்க வந்தனுங்க."

கரண்ட்கட்டு தலையத் தொங்கப்போட்டுட்டு அவ பின்னாடியே லைன் வீட்டுக்குப் போனான். அங்க ஃபேன் நின்னு, தொட்டில்ல கெடந்த கொழந்தை அழுதுட்டிருந்துச்சு.

அந்தக் கேட் லைட்டுக்கு ஒயர் இழுத்தது நான்தான்டா. கேட்ட கூலிய மொதலாளி கையோட குடுத்தாரு.