முதல் பந்துக்கு ஒரு பொன்னாடை

எங்க ஊர் கிரிக்கெட் கிளப் தலைவர் ஞானதுரை அண்ணாச்சியின் மச்சினன் செல்வின், தொடர்ந்து ஆறு மேட்சில் முட்டை போட்டான். ஆனாலும் ஓப்பனிங் அவன்தான்.

"ஃபார்மே இல்லாதவனுக்கு எதுக்கு பேட்டு? டீமை விட்டுத் தூக்குங்க" என்று மைதானத்து டீக்கடைக்காரர் பேச்சிமுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏல பேச்சி, நீயே தூக்கு பாப்போம். ஆனா அவன் முகம் வாடக் கூடாது. என் வீட்டுக்காரி என்னைத் திட்டக் கூடாது. முடியலைன்னா உன் கடை இங்க இருக்காது!"

"ஃபைனலுக்கு அவரைச் சிறப்பு விருந்தினரா போட்டிருவோம் அண்ணாச்சி. ஃப்ளெக்ஸ்ல பெரிய போட்டோ, பொன்னாடை, மேடையில நடு நாற்காலி. விருந்தினர் எப்படி டீம்ல ஆடுவாரு?"

செல்வின் துள்ளிக் குதித்தான். அவன் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஃபைனல் அன்று, வழக்கப்படி விருந்தினர் ஒரு பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டும். அண்ணாச்சியே பக்கத்தில் நின்று மெதுவாக உருட்டிவிட்டார். செல்வின் ஓங்கிச் சுற்றினான். நடு ஸ்டம்பு சாய்ந்தது.

அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

"கையைத் தட்டுங்க அண்ணாச்சி" என்று டீயை நீட்டினார் பேச்சிமுத்து. "நமக்கு இன்னும் ஒரு விக்கெட்டும் விழலை."