கதவோடு வந்த பதில் மனு

கொக்கரப்பட்டியில் புத்தி பங்கிட்ட அன்றைக்கு மூன்று பேர் ஊரில் இல்லை. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால், அதுவும் அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

மூவரும் ஒரே காம்பவுண்டில் வரிசையாகக் குடியிருந்தார்கள். முதல் வீட்டில் மரியசூசை. பஸ் மோதிய வழக்கில் ஒரு தடவை சாட்சி சொன்னவர், அதனால் சட்டம் முழுக்கத் தெரிந்தவர். இரண்டாம் வீட்டில் பஞ்சர் ஒட்டும் பிச்சாண்டி. மூன்றாம் வீட்டில் இட்லிக்கடை பவுனம்மா, ஒரு சினை ஆட்டோடு.

வீட்டுக்காரர் தருமலிங்கத்துக்கு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. மூவரையும் காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் அமீனா வந்தபோது யாரும் இல்லை. காம்பவுண்டு வாசல் கதவில் நோட்டீசைப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் பதில் மனு போடாவிட்டால் இவர்களைக் கேட்காமலே தீர்ப்பு. அப்புறம் மூவரும் தெருவில்தான்.

"வக்கீல் வைப்போமா அண்ணே?" என்றான் பிச்சாண்டி.

"எதுக்கு? வக்கீல்கிட்ட நாம சொல்லணும், அவர் போய் ஜட்ஜுகிட்ட சொல்லணும். நடுவுல ஒரு ஆளு தண்டத்துக்கு," என்றார் மரியசூசை.

கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் செண்பகம் மேடம். மூச்சு விடுவது அவருக்குப் பிடிக்காத வேலை.

"ஒட்டின நோட்டீஸ் அசல் கிழியாம வேணும் அதுக்கு மூணு நகல் வேணும் நகல் அசல் மாதிரியே இருக்கணும் அங்கதான் குடியிருக்கீங்கன்னு காட்ட என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் நம்பர் போட்டுக் கொண்டாங்க விட்டுப்போனா பிற்பாடு சேர்க்க முடியாது அவங்க எழுதினதை ஒவ்வொரு பத்தியா மறுக்கணும் மறுக்காததை ஒத்துக்கிட்டதாத்தான் எடுத்துக்குவாங்க அடுத்து யாரு."

வீட்டுக்கு வந்து நோட்டீசின் ஒரு மூலையை நகத்தால் நிமிண்டினார்கள். கிழிகிற மாதிரி இருந்தது. மூவரும் அரைமணி நேரம் யோசித்தார்கள். பிறகு கதவைக் கழற்றினார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் கதவைப் பார்த்தார், தன் மிஷினைப் பார்த்தார், ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

"மூணு நகல், மூணு வீடு, வீட்டுக்கு ஒரு கதவு. சட்டம் எழுதினவன் நம்ம காம்பவுண்டைப் பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கான்," என்றார் மரியசூசை. மூன்று வீட்டுக் கதவுகளும் இறங்கின. நோட்டீசில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் சாக்பீசால் அவற்றில் எழுதினார்கள்.

பவுனம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "அசல்ல காக்கா எச்சம் இருக்கு. நகல்ல எங்க?"

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி. மூன்று கதவுகளையும் முற்றத்தில் கிடத்தி, சுற்றிலும் சோற்றைப் போட்டுவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை காக்காய்க்குக் காத்திருந்தார்கள்.

"மூணாவதுல கொஞ்சம் இடதுபக்கமா விழுந்துடுச்சு அண்ணே."

"பரவாயில்லடா. கேட்டா காக்கா மேல பழியைப் போட்டுக்கலாம்."

அடுத்தது பதில் மனு. நோட்டீசின் முதல் பத்தியில் தருமலிங்கம் இவர்கள் மூவரின் பெயரை எழுதியிருந்தார்.

"என் பேரு பிச்சாண்டிதானே அண்ணே. இதை எப்படி மறுக்கிறது?"

"மறுக்கலேன்னா ஒத்துக்கிட்டதா ஆயிடும்டா. எதிராளி சொல்லி நீ பிச்சாண்டி ஆகணுமா?"

பிச்சாண்டி ரோஷத்தோடு மறுத்தான். மூவரும் முப்பது வருஷமாக அங்கே குடியிருப்பதாக இரண்டாம் பத்தி சொன்னது. அதையும் மறுத்தார்கள். உடனே, குடியிருப்பதற்கு ஆதாரம் திரட்ட உட்கார்ந்தார்கள். கட்டில் ஒன்று, இட்லிக் கொப்பரை இரண்டு, பாய் மூன்று என்று நம்பர் ஒட்டிக்கொண்டே போய் ஆடு பதினாலில் வந்து நின்றது.

"வயித்துல குட்டி இருக்கே. அதுக்கு நம்பர்?" என்றாள் பவுனம்மா.

"பிற்பாடு சேர்க்க முடியாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. இப்பவே போட்டுடு," என்றார் மரியசூசை. ஆட்டின் முதுகில் பதினாலும், வயிற்றில் பதினாலு-அ, பதினாலு-ஆ என்று இரண்டு சீட்டும் ஒட்டினார்கள். ஒரே குட்டியாகப் பிறந்தால் பொய் ஆதாரம் ஆகிவிடுமே என்று பிச்சாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை குட்டியானை வண்டி கோர்ட் வராந்தாவில் அவ்வளவையும் இறக்கிவிட்டுப் போனது. வீட்டில் மிச்சம் சுவர் மட்டும்தான். அதற்கும் நம்பர் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

ஜட்ஜம்மா மனுவைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓய்வு கொடுத்துப் பேசுகிறவர்.

"நீங்க... மரியசூசை... இல்லையா?"

"மறுக்கிறேன் அம்மா."

"அப்ப... யாரு?"

"அதை அவங்கதான் நிரூபிக்கணும்."

தருமலிங்கம் எழுந்தார். "இவங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது, புரியுதா."

"எனக்குப்... புரியுது. உட்காருங்க." ஜட்ஜம்மா வராந்தாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. "இதையெல்லாம் படிக்கவே... ஒரு மாசம் வேணும். அடுத்த மாசம் இருபதாம் தேதி வாங்க. அதுவரைக்கும் யாரும் இவங்களைக் காலி பண்ண வைக்கக் கூடாது. இப்ப எப்படி இருக்கீங்களோ... அப்படியே இருக்கணும். எதையும் மாத்தக் கூடாது."

ஜெயித்த மாதிரிதான். மூவரும் கும்பிட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து, உத்தரவுப்படி அப்படியே இருந்தார்கள். கட்டில் கிடந்த இடத்தில் படுத்தார்கள், அடுப்பு இருந்த இடத்தில் இட்லி ஊற்றினார்கள்.

மறுநாள் தருமலிங்கம் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "ஐயா, வீட்டுல கதவும் இல்ல, ஆளும் இல்ல. நான்தான் காலி பண்ண வெச்சேன்னு கோர்ட்டு என்னைத்தான் பிடிக்கும், புரியுதா. கையெடுத்துக் கும்பிடுறேன், வீட்டுக்கு வாங்க."

"கோர்ட்டு உத்தரவை மீறச் சொல்றாரு. எழுதிக்கடா பிச்சாண்டி," என்றார் மரியசூசை.

மூன்றாம் நாள் காலையில் பவுனம்மா காலிக் குடத்தோடு ஜன்னலுக்குப் போனாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்டாள்.

"மேடம், இங்க குழாய்ல ரெண்டு நாளா தண்ணி வரல. இந்த வீட்டுக்காரர் யாருன்னு சொல்லுங்க, நான் ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."